வாசிகசாலை மேசையில் ஒரு வெற்றிடம்

எங்கள் ஊர் வாசிகசாலையின் நீண்ட மேசையில் ‘வீரகேசரி’, ‘தினகரன்’, ‘ஈழநாடு’, ‘தினபதி’ என்னும் நாளிதழ்கள் தத்தமக்குரிய இடத்தில் கிடக்கும். 1973இல் எனக்குப் பதினெட்டு வயது. பத்திரிகைச் சுதந்திரம் என்பது பத்திரிகை முதலாளியின் சுதந்திரமே என்று அந்த மேசையைத் தட்டித் தட்டி வாதிட்டவன் நான்.

வாதத்தில் பொய் இருக்கவில்லை. டி. ஆர். விஜேவர்தன 1914இல் ‘தினமின’வை வாங்கினார். 1918இல் ‘டெயிலி நியூஸ்’, 1923இல் ‘ஒப்சேவர்’, 1932இல் ‘தினகரன்’ என்று அவருடைய நிறுவனம் மும்மொழிகளிலும் வேரோடிற்று. எது செய்தி, எது செய்தியன்று என்பதைப் பேரை வாவிக்கரையிலிருந்த ஒரு கட்டடமே பெரும்பாலும் தீர்மானித்தது. (அதே கட்டடத்தில் 1959இல் ‘தினகரன்’ ஆசிரியரான கைலாசபதி முற்போக்கு எழுத்தாளர்க்கு இடமளித்ததை நான் வசதியாக மறந்துவிடுவேன்.)

அவ்வாண்டு ஐக்கிய முன்னணி அரசாங்கம் தனிச் சட்டமொன்றை இயற்றி, ஏரிக்கரை நிறுவனத்தின் பங்குகளில் நூற்றுக்கு 75 வீதத்தைப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தது. பின்னர் அவை பொதுமக்களிடையே பரவலாக்கப்படும் என்பது வாக்குறுதி. தோழர்கள் காசு சேர்த்து, வாசிகசாலைக்கு வந்தவர்க்கெல்லாம் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தோம். செயலாளராயிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் மட்டும் கோப்பையைத் தொடவில்லை.

“தம்பி, உன்ரை கட்டுரையை முதலாளி போடேல்லை. இனி மந்திரி போடுவாரோ?” என்றார்.

நான் அவரைப் பிற்போக்குவாதி என்றேன். எனக்கு அரிச்சுவடி கற்பித்தவரை, நாலு பேர் முன்னிலையில், முகத்துக்கு நேரே.

1974 ஏப்ரலில் அவசரகால விதிகளின் கீழ் ‘தவச’ நிறுவனத்துக்கு முத்திரை வைக்கப்பட்டது. ‘தினபதி’ அந்நிறுவனத்தின் வெளியீடு. மறுநாள் மேசையில் ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது. அதுவும் ஒரு முதலாளியின் பத்திரிகைதானே என்று எனக்குள்ளே சொல்லிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. ஏகபோகத்தை உடைத்தோம் என்று கொண்டாடினோமே, அது உடையவில்லை, கைமாறியிருந்தது. புதிய கைக்கு அச்சியந்திரத்தோடு பொலிசும் இருந்தது.

அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அப்பங்குகள் இன்னும் பொதுமக்களைச் சேரவில்லை. 1973இல் அச்சட்டத்தை எதிர்த்தவர்கள் 1977இல் பதவிக்கு வந்தபோது நிறுவனத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். 1987இல் ஏகபோகங்களையும் நிறுவன இணைப்புகளையும் விசாரிக்க நியாய வர்த்தக ஆணைக்குழு தோன்றிற்று. 2003இன் நுகர்வோர் சட்டம் அதை நீக்கியபோது இணைப்புகளைத் தடுக்கும் அதிகாரமும் சேர்ந்து போயிற்று. அதற்காக மேசையைத் தட்டியவர் எவரையும் நான் காணவில்லை, நானும் தட்டவில்லை.

‘தினபதி’ கிடந்த இடத்தில் வேறெதையும் பரப்ப ஆசிரியர் விடவில்லை. பக்கத்துப் பத்திரிகை காற்றில் நகர்ந்து வந்தால் எழுந்துபோய்த் தள்ளி வைப்பார். நான் மேசையின் மறுகோடியில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 1977இல் அந்நிறுவனத்தின் கதவு மீண்டும் திறந்தபோது அவர் உயிரோடில்லை. என் சொல்லை நான் அவரிடம் மீளப் பெற்றிருக்கவுமில்லை.