சல்லடையில் தங்கியவை

தமிழாசிரியனுக்கும் அணுத்துகள் ஆய்வுக்கும் என்ன உறவு என நண்பர்கள் நகைக்கலாம். இயற்பியல் முதுகலை பயிலும் என் மகள் ஓரிரவு உணவு மேசையில் போட்ட கணக்கே இதனை எழுதத் தூண்டியது.

ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ் உணர்கருவியில் 2015 முதல் 2018 வரை நிகழ்ந்த ஓட்டத்தை அவள் எடுத்துக்கொண்டாள். புரோட்டான் கற்றைகள் நொடிக்கு 4 கோடி முறை குறுக்கிடும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1 மெகாபைட் எனக் கொண்டால், நொடிக்கு 40 டெராபைட்! எந்தக் கிடங்கு தாங்கும்? ஆகவே மின்னணுச் சுற்றுகளும் கணினிகளும் சலித்துச் சலித்து, நொடிக்குச் சுமார் 1,000 நிகழ்வுகளையே பதிவு செய்தன. முதற் சலிப்புக்குக் கிடைத்த அவகாசம், நொடியைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் அதில் இரண்டரைப் பங்கு! எஞ்சியதே, இடைவிடாது ஓடினால், நாளொன்றுக்கு 86 டெராபைட்.

“தள்ளியவற்றுள் அரியது இருந்தால்?” என்றேன்.

“போனது போனதுதான், வாப்பா. அதனால்தான் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவைத்துச் சல்லடையையே சோதிக்கிறார்கள்.”

என் எம்.ஃபில். ஆய்வுக்காக ஒரு மூதாட்டியிடம் தாலாட்டுகளை மட்டும் படியெடுத்தேன். அவர் பாடிய பிறவற்றைத் தலைப்புக்குப் புறம்பானவை என விட்டுவிட்டேன். மறுமுறை சென்றபோது அவர் மௌத்தாகியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஒரு பாட்டுக்கூட என் குறிப்பேட்டில் இல்லை.