தேர்விலே தொண்ணூறு, தெருவிலே?

காக்கிச் சட்டை அணிந்த என் கல்லூரித் தோழன், பயிற்சித் தேர்விலே தொண்ணூறு மதிப்பெண் பெற்றவன். 1996-இல் டி.கே.பாசு வழக்கிலே உச்சநீதிமன்றம் வகுத்த விதிகள் அவனுக்கு மனப்பாடம். நெஞ்சிலே பெயர்ப்பட்டை! கைதுக் குறிப்பு! அதிலே சாட்சியின் கையொப்பம்!

சென்ற திங்கள் கடைத்தெருவிலே கண்டேன் அவனை. தள்ளுவண்டி முதியவரை அறைந்து இழுத்துச் சென்றான். பெயர்ப்பட்டை இல்லை. கேட்டேன். "பாடம் வேறு, பணி வேறு; மூத்தவர்கள் சொல்லித் தந்தது" என்றான்.

தோழர்களே! பயிற்சியை அளக்க 1959-இல் நான்கு படிகள் கூறினார் அமெரிக்கப் பேராசிரியர் கிர்க்பாட்ரிக்: மகிழ்ந்தனரா, கற்றனரா, பணியிலே கடைப்பிடித்தனரா, பயன் விளைந்ததா? மதிப்பெண் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகிறது. மூன்றாம் படிக்கு நிலையத்துக் குறிப்புகளைப் புரட்ட வேண்டும். அந்த வண்டிக்காரரையும் கேட்க வேண்டும்.

அன்றிரவு விடைத்தாள் திருத்தினேன். 'சமத்துவம்' பற்றி எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவன், பகலுணவின்போது யாருடன் அமர்கிறான்? ஆசிரியன் நான், ஒருநாளும் பார்த்ததில்லை.