மூன்று நாள் தேடல்

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து, திருவுடைகளைக் களைந்துவிட்டுப் பங்கு இல்லத்துத் திண்ணைக்கு நாம் வரும்போது அங்கே சிலர் காத்திருப்பது வழக்கம். நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில் அவ்வாறு காத்திருந்தோர் திருமுழுக்குச் சான்றிதழ் வாங்கவும், திருமண ஓலை எழுதவும், வீட்டில் கிடக்கும் நோயாளிக்கு நற்கருணை கொண்டுவர அழைக்கவும் வந்தவர்களே. அவர்கள் இன்றும் வருகின்றனர். ஆயினும் அவர்களுக்கெல்லாம் பின்னால், மற்றவர்கள் போகட்டும் என்று தூணோரம் ஒதுங்கி நிற்கும் ஒரு தாயோ தந்தையோ இப்போது தவறாமல் தென்படுகின்றனர். "சாமி, பையனக் கூப்பிட்டுக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கான்" என்பதே அவர்களது விண்ணப்பம். மகளைப் பற்றியதாயின் குரல் இன்னும் தாழ்ந்துவிடும்.

குருக்களாகிய நமக்குப் பிள்ளைகள் இல்லை. குருமடத்தில் நான்கு ஆண்டுகள் இறையியல் பயின்றோம். நிசேயா, கல்செதோன் சங்கங்கள் எதற்காகக் கூடின என்று நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, உணவுக்கு அழைத்தால் 'வேண்டாம்' என்னும் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால், கதவுக்கு வெளியே நிற்கும் தாய் என்ன செய்யவேண்டும் என்பதற்கு அந்தப் பாடநூல்களில் விடை இல்லை. எனவே திண்ணையில் கேட்டவற்றையும் நற்செய்தியில் வாசித்தவற்றையும் அருகருகே வைத்துப் பார்க்க முயல்கிறோம். அறிவுரை கூறும் தகுதி நமக்கு உண்டென்று எண்ணி இதை எழுதவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டது எதுவும் இங்கு இடம்பெறாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை வாசகர்கள் அறிவர். திருவழிபாட்டின் மூன்றாம் ஆண்டில் திருக்குடும்பப் பெருவிழாவன்று வாசிக்கப்படும் பகுதி அது. கடைசியாக 2024 டிசம்பர் 29 அன்று வாசித்தோம். இயேசுவுக்கு வயது பன்னிரண்டு. பாஸ்கா விழா முடிந்து குடும்பம் எருசலேமிலிருந்து திரும்புகிறது. மகன் பயணிகள் கூட்டத்தில் எங்கேனும் இருப்பான் என்று எண்ணி ஒருநாள் பயணத்தொலைவு நடந்துவிடுகின்றனர் பெற்றோர். ஆண்கள் ஒரு கூட்டமாகவும் பெண்கள் ஒரு கூட்டமாகவும் நடந்தமையால் இந்தக் குழப்பம் நேர்ந்தது என்று மறையுரைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். லூக்கா அப்படி ஒன்றும் எழுதவில்லை. 'இருப்பான்' என்று அவர்கள் எண்ணிக்கொண்டார்கள் என்பதை மட்டுமே அவர் எழுதுகிறார். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்துகொண்டே பிள்ளை நம்மோடு இருக்கிறான் என்று எண்ணிக்கொண்டு நடக்கும் பெற்றோர் எத்தனை பேர்!

முதலில் அவர்கள் உறவினரிடையேயும் அறிமுகமானவர்களிடையேயும் தேடுகின்றனர். அதாவது, தங்களுக்குத் தெரிந்த இடங்களில் தேடுகின்றனர். மூன்று நாள்களுக்குப் பின்னரே கோவிலில், போதகர் நடுவில் அமர்ந்து அவர்களுக்குச் செவிகொடுத்தும் வினவியும் கொண்டிருக்கும் மகனைக் காண்கின்றனர். பலர் முன்னிலையில் தாய் வாய்திறக்கிறார். தாமும் அவனுடைய தந்தையும் பட்ட துயரத்தை மறைக்காமல் சொல்லி, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிறார். மகனோ எதிர்க்கேள்வி கேட்கிறான். பெற்றோருக்கு அது விளங்கவில்லை. இதை லூக்கா ஒளிவுமறைவின்றி எழுதிவைத்திருப்பது நமக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. அமலோற்பவ அன்னைக்கும் நீதிமானாகிய சூசையப்பருக்குமே தங்கள் பன்னிரண்டு வயது மகன் சொன்னது புரியவில்லை! பிறகு மகன் அவர்களோடு நாசரேத்துக்குப் போய், பணிந்து நடந்தான். தாய் அனைத்தையும் உள்ளத்தில் வைத்துக்கொண்டார். அடுத்த அதிகாரத்தில் இயேசுவுக்கு ஏறக்குறைய முப்பது வயது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளுக்கு இரண்டே வசனங்கள்.

இந்த நிகழ்ச்சியைத் திருச்சபை செபமாலையில் சந்தோஷ தேவ இரகசியங்களுள் ஐந்தாவதாக வைத்திருக்கிறது. வியாகுலத்தோடு தொடங்கிய மூன்று நாள்களைச் சந்தோஷத்தில் சேர்த்தவர்கள், கண்டடைந்த முடிவை எண்ணியே அப்படிச் சேர்த்திருக்கவேண்டும். தேடிக்கொண்டிருக்கும்போது அது சந்தோஷமாக இருந்திராது.

திண்ணைக்கு வருவோரின் முதல் குற்றச்சாட்டு கைப்பேசி. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்பு கைப்பேசிக்குள் வந்தது. கையில் இருந்த நகையை அடகு வைத்துப் பிள்ளைக்கு அதை வாங்கிக்கொடுத்த தாய்மாரை நாம் அறிவோம். படிப்புக்கென்று வீட்டுக்குள் வந்தது பள்ளி திறந்த பின்னும் வெளியே போகவில்லை. அதைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுவோர் உண்டு. இரவில் பிள்ளை உறங்கிய பின் எடுத்து ஆராய்வோர் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஓரளவு கண்காணிப்பு வேண்டுவதே. ஆனால், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' திருத்தூது ஊக்கவுரையின் 261ஆம் பத்தியைப் பெற்றோர் ஒருமுறை வாசிக்கலாம். பிள்ளை இந்நேரம் எங்கே, யாரோடு இருக்கிறான் என்பதையே ஓயாமல் கண்காணிப்பது வளர்ப்பு ஆகாது என்பதும், அவனது உள்ளமும் ஆசையும் எந்தத் திசையில் நிற்கின்றன என்பதே கேட்கவேண்டிய கேள்வி என்பதும் அதன் கருத்து.

இதை ஒரு குடும்பத்தைக் கொண்டு சொல்லலாம். அவர்களது இசைவைப் பெற்று, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறோம். தந்தை வளைகுடா நாடொன்றில் வெல்டர். மகனுக்கு ஒன்பது வயதாகும்போது போனவர், இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வருவார். தாய்தான் வீட்டைச் சுமந்தார். பையன் பதினொன்றாம் வகுப்பில் கணிதம், உயிரியல் சேர்ந்த முதல் குரூப்பில் இருந்தான். அதைத் தேர்ந்தவர் தந்தை. காலாண்டுத் தேர்வில் மூன்று பாடங்களில் தோல்வி. ஞாயிறு பூசைக்கு வருவதும் நின்றது. இரவு இரண்டு மணி வரை கைப்பேசி. தாய் வந்து நம்மிடம் அழுதார்.

அழைத்தோம், வந்தான். கேட்டவற்றுக்கெல்லாம் "ஒண்ணும் இல்ல சாமி" என்னும் ஒரே விடை. அத்தோடு அவனை விட்டுவிட்டோம். அது திருவருகைக் காலம். கோவில் வளாகத்தில் இளைஞர்கள் இரவுதோறும் குடில் கட்டிக்கொண்டிருந்தனர். மூங்கில் பிளப்பதற்கு ஆள் குறைகிறது என்று சொல்லி வைத்தோம். மூன்றாம் நாள் வந்து நின்றான். மூங்கில் பிளக்கும்போது யாரும் முகம் பார்த்துப் பேசவேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, அலுவலக அறையில் வராத பேச்சு அங்கே வந்தது. தொன் போஸ்கோ 1884இல் உரோமையிலிருந்து தம் சபையினருக்கு எழுதிய கடிதத்தின் சாரமும் இதுவே: இளைஞர்மேல் அன்பு இருந்தால் மட்டும் போதாது, தாங்கள் அன்பு செய்யப்படுவது அவர்களுக்குத் தெரியவும் வேண்டும், அதற்கு அவர்கள் விளையாடும் இடத்தில் நாமும் இருக்கவேண்டும். அவருடைய பிள்ளைகளான சலேசியர் 1906இல் தஞ்சையில் கால்பதித்து நம் மண்ணுக்கு அந்த முறையைக் கொண்டுவந்தனர்.

கைப்பேசியில் அவன் பார்த்தவற்றுள் பெரும்பகுதி படகு என்ஜின் பிரித்துப் பழுது பார்க்கும் காட்சிகள். எந்நேரமும் அதையே பார்த்தான் என்று சொல்வதற்கில்லை. விளையாட்டும் உண்டு, வேண்டாதனவும் இருந்திருக்கலாம். ஆனால் அவன் மனம் இயந்திரத்தில் இருந்தது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பாலிடெக்னிக் போகவேண்டும் என்று தாயிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறான். தாய் தந்தைக்குச் சொன்னார். தொலைபேசியில் வந்த பதில் அத்தோடு பேச்சை முடித்துவிட்டது. நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு தந்தை காணொளியில் அழைப்பார். "படிச்சியா? டியூசன் போனியா?" இவ்விரண்டே கேள்விகள். பையன் 'ம்' என்பான், தாயிடம் கொடுத்துவிடுவான்.

அடுத்த கோடையில் தந்தை நாற்பது நாள் விடுமுறையில் வந்தார். வந்த முதல் ஞாயிறே திண்ணையில் அமர்ந்தார். "ஒம்பது வயசுல விட்டுட்டுப் போனேன் சாமி. இப்ப வந்து பாத்தா வேற யாரோ ஒரு ஆளு மாதிரி நிக்கான். என்ன பேசன்னு தெரியல" என்றவர், சற்றுநேரம் பேசாதிருந்து, "இரும்போட நான் வெந்தது போதும். அவனும் அதுல போய் நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அழுதார். அந்தக் கேள்வியை நாம் இன்னும் மறக்கவில்லை. மகன்மேல் அவர் சுமத்தியது ஆணவம் என்று அதுவரை எண்ணியிருந்தோர், அது தம் உடல் பட்ட சூட்டை மகன் படக்கூடாது என்னும் தவிப்பு என்பதை அறியார். மகனும் அறியான். எட்டாண்டுக் காலம் காணொளியில் படிப்பைப் பற்றி மட்டுமே பேசிய தந்தை, தம் வேலை எப்படிப்பட்டது என்பதை மகனுக்குச் சொன்னதே இல்லை. "என்னிடம் சொன்னதை அவனிடம் சொல்லுங்கள்" என்பதற்குமேல் நாம் எதுவும் சொல்லவில்லை.

சொன்னாரா என்பது நமக்குத் தெரியாது. தாய் பின்னர் சொன்னது வேறொன்று. ஒரு மாலை மகன் கைப்பேசியோடு படியில் அமர்ந்திருக்க, தந்தை அருகே போய் உட்கார்ந்து, "அதுல என்னதாம்லே பாக்க?" என்று கேட்டாராம். மகன் திருப்பிக் காட்டினானாம். திரையில் எவனோ ஒருவன் இரும்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவன் பற்றவைக்கும் முறையே தப்பு என்று தந்தை சொல்ல, இல்லை என்று மகன் வாதிட, அடுப்பில் சோறு குழையும்வரை இருவரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்களாம். பன்னிரண்டாம் வகுப்பைச் சுமாரான மதிப்பெண்ணோடு முடித்தான். பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாமாண்டில் சேர வழியுண்டு; அப்படி இயந்திரவியலில் சேர்ந்தான். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வருகிறான் என்று எழுதினால் அது பொய். சில ஞாயிறுகளில் வருகிறான். வரும்போது பின்வரிசையில் நிற்கிறான்.

இதைக் கேட்கும் தாய்மார், "நாங்கள் எவ்வளவு காலம் காத்திருப்பது?" என்பர். புனித மோனிக்காவைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல இயலாது. ஆனால் அவரது கண்ணீரை மட்டுமே நாம் பேசிப் பழகிவிட்டோம். அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு எழுதிய நூலில் அவரது பதினாறாம் வயது வருகிறது. கார்த்தேஜ் நகரில் படிக்கவைக்கத் தந்தை பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். அந்த ஓராண்டு மகன் வேலையின்றி வீட்டில் இருந்தான். அப்போது நண்பர்களோடு சேர்ந்து இரவில் ஒரு மரத்துப் பேரிக்காய்களைப் பறித்துப் பன்றிகளுக்கு வீசினான். பசியால் அன்று, தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டேன் என்னும் கருத்தில் அவர் எழுதுகிறார். தாயின் எச்சரிக்கைகள் அவனுக்கு வெறும் பெண்பேச்சாகத் தோன்றின. பிற்காலத்தில் அவன் மானிக்கேயக் கொள்கையில் விழுந்தபோது மோனிக்கா வீட்டில் இடம் தர மறுத்தார். பிறகு மனம் மாறிச் சேர்த்துக்கொண்டார். அவனோடு வாதிட்டுத் திருத்தும்படி ஓர் ஆயரை அவர் வேண்டியபோது, ஆயர் மறுத்துவிட்டார். இப்போது அவன் கேட்கும் நிலையில் இல்லை, படித்துத் தானே கண்டுகொள்வான், நீ அவனுக்காக மன்றாடு என்பதே அவர் கூறியதன் பொருள். அந்த ஆயரின் நினைவு வரும்போதெல்லாம், 'கண்டித்து வையுங்கள்' என்போருக்கு விடை சொல்ல நமக்குச் சற்றுத் துணிவு பிறக்கிறது. 383இல் தாயை ஏமாற்றிவிட்டு இரவோடிரவாக உரோமைக்குக் கப்பலேறிய மகன், 387 பாஸ்கா இரவில் மிலானில் அம்புரோசியார் கையால் திருமுழுக்குப் பெற்றான். அதே ஆண்டில் ஓஸ்தியாவில் தாய் இறந்தார்.

புனிதர்களைக் கொண்டு பிள்ளைகளை அடிப்பதும் நம் வீடுகளில் உண்டு. 2025 செப்டம்பர் 7 அன்று கார்லோ அகுதிஸ் புனிதராக உயர்த்தப்பட்ட பின், "அவரும் உன் வயதுதான், கம்ப்யூட்டரை எதற்குப் பயன்படுத்தினார் பார்" என்று இடித்துரைக்காத வீடு குறைவு. 2006இல் பதினைந்து வயதில் இறந்த அந்தப் பிள்ளையின் தாய், தாம் அதற்குமுன் கோவிலுக்குப் போகும் வழக்கமே அற்றவர் என்றும், மகனே தம்மை விசுவாசத்துக்கு அழைத்துவந்தான் என்றும் சொல்லியிருக்கிறார். ஒப்பிடத் தொடங்கினால் ஒப்பீடு நம் பக்கமும் திரும்பும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இளமைக்கு இயல்பான முரண்டும் நோயும் ஒன்றல்ல. பல நாள் உறக்கமின்மை, உணவை வெறுத்தல், உடலில் கீறல்கள், சாவைப் பற்றிய பேச்சு, போதைப் பொருள் - இவற்றுள் எதைக் கண்டாலும் மருத்துவரிடம் போகவேண்டும். நவநாள் செபம் முடியட்டும் என்று காத்திருக்கலாகாது. 2022 முதல் அரசின் 14416 என்னும் இலவச எண்ணில் மனநல ஆலோசனையும் கிடைக்கிறது. அதனால் குடும்பத்துக்கு இழுக்கு வரும் என்போரிடம் நாம் சற்றுக் கடுமையாகவே பேசுகிறோம்.

இனி, பங்கின் பொறுப்பு. பத்தாம் வகுப்போடு பிள்ளைகள் மறைக்கல்விக்கு வருவது ஏன் நிற்கிறது என்று அன்பியக் கூட்டங்களில் கேட்டபோது, ஒரு சிறுமி எழுந்து, ஞாயிறு காலை ஆறரைக்கே டியூசன் தொடங்குகிறது, அதை விட்டு வந்தால் அப்பா அடிப்பார் என்றாள். பூசைக்கு வரவில்லை என்று நம்மிடம் முறையிட்டவரும் அதே அப்பாதான்! கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது, அவர் சிரிக்கவில்லை. அதன்பின் பங்குப்பேரவையினர் இருவரோடு, டியூசன் நடத்தும் ஆசிரியர் மூவரையும் போய்ப் பார்த்தோம். மூவரும் பிற சமயத்தவர். மரியாதையோடு தேநீர் தந்து பேசினர். ஞாயிறு வகுப்பை ஒன்பதரைக்கு மாற்ற இருவர் உடனே இசைந்தனர். மூன்றாமவர், பெற்றோர் கையெழுத்திட்டுக் கேட்டால் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாள் கோவில் வாசலில் மேசைமேல் இருக்கிறது. இதுவரை பதினோரு பேர் கையெழுத்திட்டிருக்கின்றனர்.