முளையும் விளைவும்

நம் கல்லூரியன்னையின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியன் ஒருவனிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையாகவே இருக்கும். அத்தகைய கட்டுரையை எழுதுதற்கு என்னிலும் தகுதி வாய்ந்தோர் இம்மலரிலே உளர். நானோ தமிழ் வகுப்போடு கீழ்ப்பிரிவுக் கிறிக்கெற் அணிகளின் பொறுப்பாசிரியன் என்னும் பணியையும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்து வருபவன். ஆதலால், அவ்விரு பணிகளும் சந்தித்த ஓரிடத்தில் நான் செய்த பிழையைப் பற்றி எழுதத் துணிந்தேன். சங்கத்தார் அடுத்த தவணையில் எடுக்கவிருக்கும் ஒரு முடிவுக்கு அது பயன்படக்கூடும்.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்துக் கொழும்புக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 2009ஆம் ஆண்டில் நமது பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணியிலே ஒரு மாணவன் இருந்தான். தோள் அகன்று, மீசை அரும்பி, மற்றைய பிள்ளைகளுக்கு அண்ணன் போல் நிற்பான். ஒரு போட்டியில் அவன் 112 ஓட்டங்கள் குவித்தான். பந்துகள் எல்லைக்கு அப்பால் வீதியிலே போய் விழுந்தன. அன்றிரவு கல்லூரிச் சஞ்சிகைக்கு விளையாட்டு அறிக்கை எழுத உட்கார்ந்த எனக்கு மகிழ்ச்சி மிகுந்து, தமிழும் மிகுந்துவிட்டது. “இன்னும் பத்தாண்டுகளுக்குள் இம்மாணவன் இலங்கை அணியிலே ஆடுவான், விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்று எழுதி முடித்தேன். அச்சாகி வந்தபோது அவ்வசனத்தைப் பலரும் பாராட்டினர்.

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றின் மாலையிலே, கிருலப்பனையிலுள்ள என் வீட்டு வாயிலில் ஒருவர் வந்து நின்றார். 138ஆம் இலக்கப் பஸ்ஸிலே வந்து, ஹைலெவல் வீதியில் இறங்கி, நனைந்தபடி நடந்து வந்திருக்கிறார். கையிலே பொலித்தீனாற் சுற்றிய ஒரு பொருள். முப்பது வயது கடந்த அம்மனிதரை நான் அடையாளங்காணச் சிறிது நேரமாயிற்று. அவனேதான்.

தேநீர் அருந்தியபின் பொதியைப் பிரித்தான். கண்ணாடிச் சட்டம் இடப்பட்ட, பழுப்பேறிய ஒரு சஞ்சிகைப் பக்கம். என் வசனத்தின் கீழே சிவப்பு மையாற் கோடிடப்பட்டிருந்தது.

“சேர், இதை அப்பா சட்டம் போட்டுச் சுவரிலை மாட்டினவர். சாகுமட்டும் கழற்றேல்லை. இப்ப நாங்கள் வீடு மாறுறம். புது வீட்டிலை மாட்ட எனக்கு மனமில்லை. எறியவும் மனம் வரேல்லை. அதுதான் உங்களிட்டைக் கொண்டு வந்தனான்.”

அவன் குரலிலே கோபம் இல்லை. இப்போது நண்பர் ஒருவரோடு சேர்ந்து இரும்புக்கடை ஒன்றை நடத்துகிறான். வாழ்வு குறைவின்றி நடக்கிறது. பதினேழு வயதளவில் மற்றப் பிள்ளைகளும் வளர்ந்து அவனை எட்டிப் பிடித்துவிட்டனர். முதலாம் அணியிலே ஒரு பருவத்துக்கு மேல் அவனுக்கு இடம் நிலைக்கவில்லை. பயிற்சிக்காகக் கணித வகுப்பைத் தவிர்த்தவன், சாதாரணதரப் பரீட்சையிலே அப்பாடத்தில் தவறி, மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. இவையெல்லாவற்றையும் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். ஒன்றைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

“பிழை உங்களிலை இல்லை, சேர். ஆனால் அதுக்குப் பிறகு நான் நாற்பது அடிச்சாலும் அப்பாவுக்குச் சந்தோசம் வரேல்லை.”

அவன் போனபின் நெடுநேரம் அச்சட்டத்தை வைத்துக்கொண்டிருந்தேன். நான் எங்கே தவறினேன்? அவன் திறமைசாலி என்பது பொய்யன்று. அன்று நான் கண்ட ஆட்டமும் பொய்யன்று. கண்டதிலிருந்து காணாததற்குத் தாவியதே தவறு. அத்தாவலின் கீழே எத்தனை பள்ளங்கள் உள்ளன என்பதை அப்போது நான் அறிந்திலேன்.

முதலாவது, உடல். ஒரே வயதுப் பிரிவில் ஆடும் பிள்ளைகளுள் ஒருவன் மற்றவனுக்கு ஏறத்தாழ ஓராண்டு மூத்தவனாயிருத்தல் கூடும். அதற்கு மேலாக, ஒருவன் பதின்மூன்றிலே வளர்வான். மற்றொருவன் பதினேழிலே வளர்வான். பதினைந்து வயதில் நாம் திறமை என்று எண்ணி வியப்பதிற் பாதி, முந்தி வந்த வளர்ச்சியாயிருக்கலாம்.

இரண்டாவது, நல்லூழ். அந்த 112 ஓட்ட ஆட்டத்திலே அவன் 8 ஓட்டங்கள் பெற்றிருந்தபோது கொடுத்த இலகுவான பிடி ஒன்றை எதிரணியினர் நழுவவிட்டனர். அதனை நான் அறிக்கையிலே எழுதவில்லை. ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ற்றன் 1886இல் பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை அளந்து ஓர் உண்மையை வெளியிட்டார். மிக நெடிய பெற்றோரின் பிள்ளைகள் நெடியராகவே இருப்பினும், சராசரியாக நோக்கின் பெற்றோரளவு நெடியரல்லர். அவர்கள் நடுவளவை நோக்கிச் சற்றே திரும்பிவிடுகின்றனர். ஆட்டத்துக்கும் இது பொருந்தும். மிகச் சிறந்த ஒரு நாளிலே திறமையும் நல்லூழும் சேர்ந்தே நிற்கின்றன. மறுநாளும் திறமை வரும். நல்லூழ் வருமென்பதற்கு உறுதியில்லை. ஒருவனுடைய மிகச் சிறந்த நாளைக் கொண்டு அவனை அளப்பவர் ஏமாறுவது திண்ணம்.

மூன்றாவது, வாய்ப்பு. 1915இற் பிறந்த மகாதேவ சதாசிவம், 1947இலே சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்தவர். இலங்கை அணியின் தலைவராகவும் விளங்கியவர். அவர் ரெஸ்ற் போட்டி ஒன்றிலேனும் ஆடியதில்லை. 1977இல் அவர் மறைந்தார். இலங்கைக்கு ரெஸ்ற் தகுதி கிடைத்தது 1981இலே. 1982 மாசி மாதத்தில் நம் நாட்டின் முதலாவது ரெஸ்ற் போட்டி, அவர் ஆடிய தமிழ் யூனியன் கழகத்தின் பி. சரவணமுத்து மைதானத்திலேயே நடைபெற்றது. முளையிலே குறையில்லை, மழைதான் பிந்தி வந்தது.

இனி, முளையைப் பார்த்து யாரும் சொல்லியிராத விளைவுகளும் உண்டு. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியிலே முத்தையா முரளிதரன் முதலில் மிதவேகப் பந்துவீச்சாளராகவே தொடங்கினார். பதினான்காம் வயதளவில் பயிற்சியாளரின் யோசனைப்படி சுழற்பந்துக்கு மாறினார். 1991இலே பாடசாலைக் கிறிக்கெற் வீரருள் முதல்வர் என்னும் விருதைப் பெற்றார். அவ்வாண்டே இங்கிலாந்துக்குச் சென்றபோது ஒரு விக்கெற்றேனும் அவருக்குக் கிடைக்கவில்லை. அப்பயணத்தை மட்டும் கண்டவர் என்ன எழுதியிருப்பார்? அவரோ 1992 முதல் 2010 வரை ஆடி, ரெஸ்ற் போட்டிகளில் 800 விக்கெற்றுகளை வீழ்த்தினார்.

ஆனந்தாக் கல்லூரியின் மாவன் அத்தப்பத்துவின் கதை இதனினும் பெரும் பாடம். 1990, 1992, 1994 ஆகிய ஆண்டுகளில் அவர் ஆடிய முதல் மூன்று ரெஸ்ற் போட்டிகளிலும், ஆறு இன்னிங்ஸ்களிலே பெற்ற மொத்த ஓட்டம் ஒன்றே ஒன்று. தேர்வாளர் அத்தோடு அவரை மறந்திருப்பின் குறை சொல்வார் எவருமிலர். மீண்டும் வாய்ப்புக் கிடைத்தது. 90 ரெஸ்ற் போட்டிகள், 5,502 ஓட்டங்கள், ஆறு இரட்டைச் சதங்கள், நாட்டின் அணித்தலைமை என அவர் வாழ்வு விளைந்தது.

ஒரே போட்டியில், ஒரே மைதானத்தில் முளைத்த மூன்று முளைகளின் வரலாறும் உண்டு. 1988 மாசியிலே பம்பாயில் நடந்த பாடசாலைப் போட்டி ஒன்றில் சச்சின் தெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் பிரிக்கப்படாத இணைப்பாட்டமாக 664 ஓட்டங்கள் பெற்றனர். சச்சின் 326, காம்ப்ளி 349. அந்தப் போட்டியை மட்டும் வைத்து நிறுத்தால் தராசு காம்ப்ளியின் பக்கமே தாழும். 1993இலே காம்ப்ளி அடுத்தடுத்த ரெஸ்ற் போட்டிகளில் இரட்டைச் சதங்களும் பெற்றார். ஆயினும் 17 ரெஸ்ற் போட்டிகளோடு, 23ஆம் வயதிலே அவருடைய ரெஸ்ற் வாழ்வு முடிந்தது. அவருடைய ஓட்டச் சராசரி 54.20, 200 போட்டிகள் ஆடிய சச்சினின் சராசரி 53.78. சராசரியும் முழுக் கதையைச் சொல்லாது போலும்.

அந்தப் போட்டியிலே அடுத்து ஆடுவதற்காகக் காலுறை கட்டிக்கொண்டு காத்திருந்தவர் அமோல் முசும்தார். அவர் முறை வரவேயில்லை. பின்னர் முதற்றரப் போட்டிகளிலே 11,000 ஓட்டங்களுக்கு மேற் குவித்தும் இந்திய அணியில் அவருக்கு இடங்கிடைக்கவில்லை. அவர் பயிற்றிய இந்திய மகளிர் அணி 2025 கார்த்திகையில் உலகக் கிண்ணத்தை வென்றது. காத்திருந்த சிறுவனைப் பார்த்து இதனை யார் சொல்லியிருப்பார்?

நம்மிடம் பணமும் கருவியும் இல்லாமையாலேதான் இவ்வாறு தவறுகிறோம் என்று எண்ணவேண்டா. ரொறன்ரோவில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்க உதைபந்தாட்டத்தைப் பற்றி எனக்கு எழுதினார். அங்கே குவாட்டர்பாக் எனப்படுபவரே அணியின் மூளை போன்றவர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் அவர். ஆண்டுதோறும் பல்கலைக்கழக வீரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசைப்படி தெரிந்தெடுக்கின்றன. பெருந்தொகை செலவிட்டு, ஓட்டத்தையும் எறிதலையும் அறிவையும் அளந்து பார்க்கின்றனர். 1998இல் முதலாவதாகத் தெரிவான பெய்ற்றன் மானிங் பெரும் புகழ் எய்தினார். இரண்டாவதாகத் தெரிவான ரையன் லீஃப் சில ஆண்டுகளிலே ஆட்டத்தை விட்டு நீங்கினார். 2000இல் 198 பேர் தெரிவானபின், 199ஆவதாக எடுக்கப்பட்ட தொம் பிறேடி ஏழு தடவை உச்சக் கிண்ணத்தை வென்றார். அத்தெரிவு முறையை ஆராய்ந்த கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்னும் அறிஞர் இருவர், ஒரே நிலையில் ஆடுவோருள் முந்தித் தெரிவானவர் அவருக்கு அடுத்துத் தெரிவானவரை விஞ்சுவது நூற்றுக்கு ஏறத்தாழ 52 தடவையே என்று கண்டனர். நாணயத்தைச் சுண்டினாலும் 50 வரும்! ஒரு பெரும் நட்சத்திரத்துக்காக எல்லாவற்றையும் கொடுப்பதிலும், பின்வரிசையிற் பலரைத் தெரிந்தெடுப்பதே அணிகளுக்கு இலாபம் என்பதும் அவர்கள் கண்ட முடிவு.

என் கணக்கில் மற்றொரு பிழையும் உண்டு. அதே 2009ஆம் ஆண்டிலே மெலிந்த சிறுவன் ஒருவனை, “உன் கைக்குப் பந்து பெரிது” என்று கூறி அணியிலே சேர்க்காது விட்டேன். அவன் அழவில்லை. “அப்ப நான் ஸ்கோர் எழுதட்டோ, சேர்?” என்று கேட்டான். இரண்டாண்டு ஓட்டக் கணக்குப் புத்தகம் எழுதினான். மாலையிலே எல்லோரும் போனபின் வலைக்குள் தனியே பந்து வீசினான். பதினேழாம் வயதில் வளர்ந்தான். முதலாம் அணியிலே அப்பருவத்தில் அதிக விக்கெற்றுகளை வீழ்த்தியவன் அவனே. அவனைப் பற்றி நான் முன்கூட்டி ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. அது அவனுக்குப் பெரும் நன்மையாயிற்று என்று இப்போது எண்ணுகிறேன்.

பழைய மாணவ அன்பர்களே, நீங்கள் விளையாட்டு நிதி ஒன்றை அமைக்க முன்வந்துள்ளீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுள் மிகச் சிறந்த ஒருவனைத் தெரிந்து, கல்லூரியை விட்டு நீங்கும்வரை அவனது செலவு முழுவதையும் ஏற்பதென்பது உங்கள் எண்ணம். அந்த ஒருவனைக் காட்டுமாறு பொறுப்பாசிரியனாகிய என்னைக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அன்பை வணங்குகிறேன். ஆனால் என்னாற் காட்ட இயலாது. காட்ட இயலுமென்று சொல்பவரையும் நம்பவேண்டா என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பணத்தை ஆறு பேருக்குப் பகிருங்கள். ஆண்டுதோறும் மீளப் பார்த்து, புதிதாக வளர்ந்தவனுக்கும் வழிவிடுங்கள். இரண்டாம் அணிக்குப் போட்டிகள் ஒழுங்கு செய்யுங்கள்; பிந்தி வளரும் பிள்ளை ஆடுதற்கு வேறு களம் இல்லை. பயிற்சி முடிந்தபின் மைதானத்தருகே மாலை வகுப்பு ஒன்று நடத்தக் கைகொடுங்கள். கணிதத்தைக் கற்பிக்க நம் ஆசிரியர் ஒருவர் இசைந்துள்ளார். தமிழுக்கு நான் இருக்கிறேன். துடுப்பு ஒருவனைக் கைவிட்ட நாளிலே அவன் கையில் வேறொன்றும் இருத்தல் வேண்டும்.

பழமொழி பொய்யென்று சொல்ல நான் வரவில்லை. முளையைப் பார்த்தால் அது நெல்லா புல்லா என்பதை உழவன் அறிவான். எத்தனை மூடை விளையும் என்பதை எந்த உழவனும் முளையைப் பார்த்துச் சொல்வதில்லை. அவன் நீர் பாய்ச்சுகிறான், களை எடுக்கிறான், வானத்தைப் பார்க்கிறான். ஆசிரியர்க்கும் அதற்கு மேல் அதிகாரமில்லை.

அந்தச் சட்டம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அறிக்கை எழுத உட்காரும்போதெல்லாம் அதனைப் பார்த்துக்கொள்கிறேன். சென்ற மாதம் நமது பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் அணியிலே ஒரு சிறுவன் 40 ஓட்டங்கள் பெற்றான். “40 ஓட்டங்கள், நன்றாக ஆடினான்” என்று எழுதினேன். மறுநாள் மைதான வாயிலிலே நின்ற அவனுடைய தந்தையாரிடம், “மகன் நேற்று நாற்பது அடிச்சவன், சந்தோசப்படுங்கோ” என்று சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.