பதினொரு மடங்கா, மூன்று மடங்கா?

ஹெட்போன் பெருக்கி ஒன்றைச் சொந்தமாகச் செய்ய ஏறக்குறைய இருபது பாகங்கள் போதும். கைபேசியிலிருந்து வரும் மெல்லிய மின் அலையை வாங்கி, அதன் வடிவம் கெடாமல் பெரிதாக்கி, ஹெட்போனுக்கு அனுப்புவதே அதன் வேலை. 1990களின் இறுதியில் சூ மோய் என்பவர் வெளியிட்ட ஒரு சிறிய மின்சுற்று இத்துறையில் புகழ்பெற்றது. அவர் பெயராலேயே அதைச் 'சீமோய்' என்று அழைக்கிறார்கள். ஒரு 9 வோல்ட் பேட்டரி, எட்டுக் கால்களைக் கொண்ட ஒரு சில்லு, சில மின்தடைகள், சில மின்தேக்கிகள். எல்லாம் ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும்.

நான் அதைச் செய்தது என் தாத்தாவுக்காக. நெகிரி செம்பிலான், ரந்தாவ் வட்டாரத் தோட்டமொன்றில் பால் வெட்டத் தொடங்கியவர் அவர். பிறகு செம்பனை எண்ணெய் ஆலைக்கு மாற்றப்பட்டு, கொதிகலன் பக்கத்திலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். காதுக்குப் பாதுகாப்பாக அவர்கள் வைத்துக்கொண்டது வீட்டிலிருந்து கொண்டுபோன பஞ்சுதான். இன்று நாங்கள் சிரம்பானில் ஒரு தாமானில் குடியிருக்கிறோம். காலையில் தாத்தா மின்னல் பண்பலை வைத்தால் தெருக்கோடி வரை கேட்கும். அப்படியும், "சத்தம் வருதுய்யா, சொல்லுதான் விளங்கல" என்பார். இரண்டாம் கையாக ஒரு பெரிய ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். அதன் மின்தடுப்பு 250 ஓம் என்பதால் கைபேசியால் அதை முழுமையாக இயக்க முடியவில்லை. ஆகவேதான் பெருக்கி தேவைப்பட்டது.

பாகங்கள் வாங்கச் சிரம்பானிலிருந்து கொமுட்டர் ஏறிக் கோலாலம்பூர் சென்றேன். பூடு வட்டாரத்து ஜாலான் பாசாரில் வரிசையாக மின்னணுக் கடைகள் உண்டு. ஒரு கடைத் தவுக்கே என் முன்னால் இரண்டு சில்லுகளை வைத்தார். ஒன்று என்இ5532. சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் 1979இல் அறிமுகப்படுத்தியது. ஒலிப்பதிவுக் கூடக் கருவிகளில் பல்லாண்டு உழைத்த சில்லு, இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும். மற்றொன்று ஓபிஏ2134, அதைவிடப் பல மடங்கு விலை. விலை கூடியது நல்லது என்று சொல்வோரும் உண்டு, எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வோரும் உண்டு. நான் தரவுத்தாளைப் பார்த்தேன்.

5532 தன் உள்ளீட்டுக் கால் வழியே ஏறக்குறைய 200 நானோ ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கும். சீமோய் சுற்றில் அந்தக் கால் 100 கிலோ ஓம் மின்தடை வழியாகத் தரையோடு இணைந்திருக்கிறது. ஓம் விதிப்படி இரண்டையும் பெருக்கினால் 20 மில்லிவோல்ட். சுற்று அதையும் பாட்டு என்று எண்ணிப் பதினொரு மடங்காக்கினால் 220 மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தம், பாட்டு ஓடாத வேளையிலும் ஹெட்போனின் கம்பிச்சுருளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 2134 இழுப்பதோ சுமார் 5 பிக்கோ ஆம்பியர். இந்தத் தொல்லையே இல்லை. ஆகவே அதையே வாங்கினேன். 100 கிலோ ஓமுக்குப் பதில் 10 கிலோ ஓம் போட்டு, உள்ளீட்டு மின்தேக்கியை 0.1 மைக்ரோஃபாரடிலிருந்து 1 மைக்ரோஃபாரடாக உயர்த்தினால் மலிவான 5532 கூட நன்றாக உழைக்கும். ஒரு பாகம் நல்லதா என்று தனியே கேட்பதில் பொருளில்லை. அதன் பக்கத்தில் எது இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது சில்லு அன்று, சில காசு மட்டுமே பெறும் ஒரு சோடி மின்தடை. தமிழ்ப்பள்ளியில் 'மின்தடை' என்றும், இடைநிலைப்பள்ளியில் 'பெரிந்தாங்' என்றும், பல்கலைக்கழகத்தில் 'ரெசிஸ்டர்' என்றும் நான் படித்த அதே பொருள். சில்லு எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதை இந்த இரண்டுமே தீர்மானிக்கின்றன. ஒன்றை மற்றொன்றால் வகுத்து 1 கூட்டினால் விடை கிடைக்கும். சூ மோயின் வரைபடத்தில் 10 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் இருப்பதால் 11 மடங்கு. பத்துக்குப் பதில் 2 கிலோ ஓம் போட்டால் 3 மடங்கு.

தாத்தாவின் விருப்பம் தெளிவானது: "பெருசாவே போடு." காது மந்தமானவருக்குப் பதினொன்றுதானே பொருத்தம் என்று உங்களுக்கும் தோன்றலாம். கணக்கு வேறு சொல்கிறது. கைபேசி அரை வோல்ட் கொடுத்தால், பதினொரு மடங்கில் அலையின் உச்சி ஏழு வோல்ட்டைத் தாண்டும். 9 வோல்ட் பேட்டரியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும் சுற்றில் மேலே நாலரை, கீழே நாலரைதான் உண்டு. அலையின் தலை வெட்டுப்பட்டு, பாட்டு கரகரக்கும். அதைவிட முக்கியமானது காது. வெட்டுப்படாத அளவில், பதினொன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய 11 டெசிபல். அதாவது காதுக்குள் போகும் ஒலியின் ஆற்றல் பதின்மூன்று மடங்குக்கு மேல் வேறுபடும்.

அரசாங்க மருத்துவமனையில் தாத்தாவுக்குச் செவிச்சோதனை செய்தபோது, வரைபடக் கோடு 4000 ஹெர்ட்ஸ் அருகில் பள்ளத்தில் விழுந்திருந்தது. நீண்டகால இரைச்சலால் காது கெடும்போது முதலில் அடிபடுவது அந்தப் பகுதிதான். 'ச', 'ஸ', 'த' போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய உயர் அதிர்வெண்கள் தேவை. உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. சத்தம் வருகிறது, சொல் விளங்கவில்லை என்று அவர் சொன்னதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. என் பெருக்கி எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் உயர்த்தும். விழுந்த பகுதியை மட்டும் அளந்து உயர்த்துவது செவிக்கருவியின் வேலை. அதற்குப் பெயர் கொடுத்துவிட்டோம்.

ஆகவே 2 கிலோ ஓமையே பற்றவைத்தேன். அவருக்கு இடக்காது இன்னும் மோசம் என்பதால் ஒரு சிறிய விசையும் சேர்த்தேன். அதைத் தள்ளினால் இடம், வலம் இரண்டும் இரு மின்தடைகள் வழியே ஒன்றாகக் கலந்து இரு காதுக்கும் போகும். 1978இல் வந்த 'பிரியா' படத்துப் பாடல்கள் தமிழில் ஸ்டீரியோ முறையில் முதன்முதலாகப் பதிவானவை என்று பெயர் பெற்றவை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் படமெடுக்கப்பட்டதால் தாத்தாவுக்கு அதன்மேல் தனிப் பற்று. ஸ்டீரியோவில் ஒரு பக்கம் மட்டும் ஒலிக்கும் இசைக்கருவிகளை அவர் இழந்துகொண்டிருந்தார். விசையைத் தள்ளியதும், "இது இந்தப் பாட்டுல இருந்துச்சா?" என்று கேட்டார்.

பிறகு வழக்கம்போல், "இன்னும் கூட்டு" என்றார். இதற்குமேல் போனால் மிச்சமிருக்கும் காதும் கெடும் என்று விளக்கினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆலையில இத யாரும் சொல்லலியே ஐயா" என்றார்.

1989இல்தான் இந்நாட்டில் தொழிற்சாலை இரைச்சலுக்கென்று விதிகள் வந்தன. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது அன்றைய வரம்பு. 2019 ஜூன் முதல் அது 85 டெசிபல். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு சொக்சோவின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் உண்டு. நம்மில் பலருடைய அப்பாவும் மாமாவும் இன்றும் ஆலையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்கிறார்கள். விடுமுறைக்கு வீடு திரும்பும்போது அவர்களிடம் காதடைப்பான் இருக்கிறதா, கடைசியாக எப்போது செவிச்சோதனை செய்தார்கள் என்று கேளுங்கள், நண்பர்களே. பெருக்கி செய்ய ஆசைப்படுவோர் என்னைக் கழக அறையில் பார்க்கலாம். பாகங்களின் பட்டியலைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்.