இந்த ஒரு படி

பெட்டியின் அடியில் ஒரு சட்டையை ஓராண்டு மறைத்து வைத்திருந்தேன். சென்ற ஆண்டு அரை மாரத்தான் ஓட்டம் ஒன்றில் கலந்துகொள்வோர் அனைவருக்கும் முன்னதாகவே வழங்கிய சட்டை அது. மார்பில் 21.1 கிலோமீட்டர் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். நான் ஓடியதோ 14 கிலோமீட்டர்தான்.

கால் வலியால் நின்றேன் என்று நண்பர்களிடம் கூறினேன். அது பொய். ஓட முடியாதவர்களை ஏற்றிச் செல்லும் வண்டியில் அமர்ந்த பத்தாவது நிமிடத்தில் மூச்சு சீராயிற்று, காலும் தெளிந்தது. இறங்கி மீண்டும் ஓடலாம் போல் இருந்தது. தோல்வியைவிட அந்தத் தெளிவே என்னைச் சுட்டது. கால் நிற்குமுன்பே உள்ளம் நின்றுவிட்டது அல்லவா? அதே பருவத்தில் ஒரு தாளிலும் தவறியிருந்தேன். புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவன் நான். தெலுங்கு தெரியாது. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று எண்ணிய நாட்கள் அவை.

உயிர்வேதியியல் மாணவன் ஆதலால் காரணத்தை நூலகத்தில் தேடினேன். 2004இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மிதிவண்டி வீரர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். வீரர்கள் ஒரு மணி நேர அளவிலான கடும் பயணத்தின் இடையிடையே மாவுச்சத்துக் கரைசலால் வாயைக் கொப்பளித்துத் துப்பினர், விழுங்கவில்லை. ஆயினும் அவர்கள் திறன் ஏறக்குறைய 3 விழுக்காடு உயர்ந்தது. தசைக்கு ஒரு துளி உணவும் போகவில்லை. வாய் மூளைக்குச் சொன்ன செய்தியே போதுமானதாயிற்று! 2009இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் 16 பேர் 90 நிமிடம் கருத்தூன்றி வேலை செய்த பின் மிதிவண்டி மிதித்தனர். மூளை களைத்திருந்த அன்று அவர்கள் வழக்கத்தைவிட விரைவில் கைவிட்டனர்.

எனக்குப் புரிந்தது இதுதான். மூளை அச்சம் மிகுந்த காவற்காரன். திருடன் தெருமுனையில் வரும்போதே கூச்சலிடுவான். அவனை அடித்து அடக்க முடியாது. பழக்கித்தான் அடக்க வேண்டும்.

பழக்கும் வழியை எந்த நூலிலும் நான் காணவில்லை. அதை அலிபிரியில் கண்டேன். திருச்சானூரில்தான் என் அறை. விடியுமுன் தாயார் கோயில் குளக்கரையிலிருந்து புறப்பட்டு, திருப்பதி நகரைக் கடந்து, மலையடிவாரமான அலிபிரி வரை ஓட முயல்வேன். அங்கிருந்து திருமலைக்கு 3,550 படிகள். ஒருநாள் அங்கே சோர்ந்து உட்கார்ந்திருந்தேன். மூதாட்டி ஒருவர் ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு ஏறிக்கொண்டிருந்தார். பேச்சில் ஆர்க்காட்டுத் தமிழ் தெரிந்தது.

“பாட்டி, இன்னும் எத்தனை படி இருக்கும்?” என்றேன்.

“அது எனக்கு எதுக்குப்பா? இந்தப் படிக்கு மஞ்சள் வச்சாச்சா இல்லையா, அதுதான் என் கணக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குக் குனிந்தார்.

மறுநாள் முதல் என் கணக்கும் மாறியது. அலிபிரியை மறந்தேன், அடுத்த விளக்குக் கம்பம் மட்டுமே என் எல்லை. நிற்க வேண்டும் என்று உள்ளம் கெஞ்சினால், “கம்பத்தை அடைந்தபின் பேசிக்கொள்ளலாம்” என்பேன். அடைந்தபின் பெரும்பாலும் அது பேசுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் களைத்த மாலைகளில் நீண்ட ஓட்டத்தை விட்டுவிட்டேன். தலை சுற்றினாலோ மார்பு வலித்தாலோ உடனே நின்றேன். அது காவற்காரனின் வீண் கூச்சல் அன்று.

எங்கள் புதுக்கோட்டை தந்த ஓட்டவீரர் லட்சுமணனை அப்போது அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசிய வாகையர் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் பொன் வென்றவர் அவர். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். ஓடுபாதையின் கோட்டுக்கு வெளியே கால் வைத்தார் என்று கூறி வெண்கலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். பதக்கம் போயிற்று, ஓடிய 25 சுற்று போகவில்லை. ஓடி முடித்தவர் வெறுங்கையுடன் நின்றார். ஓடி முடிக்காத என்னிடமோ சட்டை இருந்தது!

இவ்வாண்டு அதே போட்டியில் மீண்டும் ஓடினேன். 14ஆம் கிலோமீட்டரில் அதே கெஞ்சல் வந்தது. கம்பத்தைக் காட்டினேன். அப்படியே கம்பம் கம்பமாக 21.1 கிலோமீட்டரும் முடிந்தது. தவறிய தாளையும் ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று படித்து எழுதித் தேறினேன்.

ஊர்விட்டு ஊர் வந்து படிக்கும் தோழர்களே, முழு மலையையும் ஒரே நாளில் அண்ணாந்து பார்க்காதீர்கள். இந்த ஒரு படிக்கு மஞ்சள் வையுங்கள். இனி உணவு விடுதி வரிசையில் அந்தச் சட்டையுடன் என்னைக் காணலாம். ஓட எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்!