யாருக்கு ஆபரேஷன்?

இன்னைக்குக் கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

உங்கள் குடும்பத்தில் கு.க. ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர்கள் யார் யார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அம்மா, சித்தி, அத்தை, அக்கா... வரிசையா வரும். அப்பா, சித்தப்பா, மாமா, மச்சான்? ஒருத்தர் பேர் கூட வராது பெரும்பாலும்.

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் திருமணமான 15–49 வயதுப் பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். புள்ளி மூன்று. அச்சுப்பிழை இல்லை.

நான் மயக்க மருந்து டாக்டர். சிசேரியன் டேபிளில் பெண்ணின் தலைமாட்டில் நிற்பது என் வேலை. முதுகில் ஊசி போட்டாச்சு, இடுப்புக்குக் கீழே மரத்தாச்சு, முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி கட்டியாச்சு. குழந்தை அழும் சத்தம் கேட்டதும் அவள் கண்ணில் தண்ணீர் வழியும். அந்த நேரத்தில் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ரெண்டாவது தானேம்மா? அப்படியே கு.க. பண்ணிடலாமா?" பல இடங்களில் இதுதான் நடைமுறை. வெளியே மாமியாரிடம் முன்னாடியே கேட்டிருப்பார்கள்.

வயிறு ஏற்கெனவே திறந்திருக்கிறது, இன்னொரு ஐந்து பத்து நிமிட வேலை, தனியாக இன்னொரு மயக்க மருந்து வேண்டாம். மருத்துவ ரீதியாக இதில் அர்த்தம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனா கேட்கிற நேரமா அது? ஏழெட்டு மாசம் மாதாமாதம் செக்கப்புக்கு வந்தாளே, அப்போ ஏன் கேட்கலை? புருஷனையும் பக்கத்தில் உட்கார வைத்து ஏன் கேட்கலை?

கேட்டால் வரும் பதில்களைச் சொல்கிறேன். "அவர் மூட்டை தூக்குறவர் சார், பலம் போயிடும்." "சம்பாதிக்கிற உடம்பு சார்." சொல்வது பெரும்பாலும் மனைவிகள்தான். இடுப்பில் ஒரு குழந்தை, தலையில் ஒரு குடம் என்று இருக்கிற உடம்பு சம்பாதிக்காத உடம்பாம்!

இன்னொரு பதிலும் உண்டு. அதைக் கேட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். "அவரை நம்பி நான் இருக்க முடியாது சார். எனக்கே பண்ணிடுங்க." இது ரொம்பத் தெளிவான முடிவு. தன் கையில் இருக்கும் ஒரே பூட்டை அவள் போட்டுக்கொள்கிறாள். அந்தப் பெண்ணிடம் போய் ஆண் பெண் சமத்துவம் வகுப்பு எடுக்கக் கூடாது.

ஆனால் சில பெண்களுக்கு இந்த ஆபரேஷனே ஆபத்து. ஒருத்தரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் எதுவும் தெரியாதபடி.

இதயத்தில் செயற்கை வால்வு வைத்த பெண். ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. அந்த மாத்திரை கருவிலிருக்கும் குழந்தைக்குக் கேடு. நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டி அம்மாவுக்கு உயிராபத்து. இத்தனையையும் தாண்டி ஒரு குழந்தை பெற்றுவிட்டார், எல்லோரும் கும்பிட்டுக்கொண்டோம். இன்னொரு முறை கர்ப்பமே கூடாது. அவருக்குக் கு.க. செய்யலாம் என்றால் மறுபடியும் மாத்திரையை நிறுத்தணும், மறுபடியும் மயக்க மருந்து. காப்பர் டி வைத்தால் மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாகும், ஏற்கெனவே உறையாத ரத்தம். கணவரோ முப்பது வயது, காய்ச்சல் கூட வராத உடம்பு. அவருக்கு வாசக்டமி செய்தால் கால் மணி நேரத்தில் விஷயம் முடிந்தது.

சொன்னோம். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார்தான் பேசினார், சத்தம் போடாமல், நியாயம் கேட்கிற குரலில்: "நாளைக்கு இவளுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா, என் புள்ளைக்கு இன்னொரு வாழ்க்கை வேணாமா சார்?"

அந்தப் பெண் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை.

கணவரைக் கட்டாயப்படுத்த முடியுமா? முடியாது, கூடவும் கூடாது. அவர் உடம்பு அவர் முடிவு. இதை நாம் ஏற்கெனவே ஒரு தடவை மீறிப் பார்த்துவிட்டோம். ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஆண்கள்தான் அதிகம் பண்ணிக்கொண்டார்கள், தெரியுமா? 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் சுமார் 63,000 வாசக்டமி நடந்தது. பிறகு எமர்ஜென்சி வந்தது. 1976–77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன்கள், அதில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்களுக்கு. சம்பளத்தை நிறுத்துவோம் என்ற மிரட்டல், ஊரை வளைத்து ஆட்களைப் பிடித்துப் போவது, கல்யாணமே ஆகாதவர்களுக்கும் கத்தி. ஷா கமிஷன் அறிக்கையில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. 1977 தேர்தலில் அரசு கவிழ்ந்தது. அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்கும் ஆண்கள் பக்கம் திரும்பத் துணிச்சல் இல்லை. சுமை அப்படியே பெண்கள் பக்கம் சாய்ந்தது. அவர்களுக்கும் முகாம் போட்டார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கத்தில் ஒரே நாளில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்து, பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதற்காக எந்த அரசும் கவிழவில்லை.

அந்தப் பெண் கதைக்கு வருகிறேன். கணவர் "யோசிச்சு சொல்றேன் சார்" என்று போனவர்தான். அவர் பதில் வரவில்லை. அவள் வந்தாள், தனியாக. ரத்தப்போக்கைக் குறைக்கும் ஹார்மோன் காயில் ஒன்று இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைப்பது. இதய டாக்டரிடமும் பேசிவிட்டு அதை வைத்தார்கள். காலாவதி தேதியைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனாள்.

சரி, ஆண்களே, இனி உங்களுக்கு.

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு நான் வாசக்டமி பண்ணிக்கொண்டேன். என் மனைவிக்கு ரெண்டு சிசேரியன். மூன்றாவது தடவை அவள் மேல் கத்தி வைக்க எனக்கு மனசில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "உனக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்று இரண்டு நாள் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் "என்ன டாக்டர், கடையை மூடிட்டீங்களாமே?" என்றார்கள். கடை திறந்துதான் இருக்கு, ஒரே ஒரு சரக்கு மட்டும் ஸ்டாக் இல்லைன்னு சொன்னேன்.

விதைப்பையின் தோலில் மரத்துப்போகும் ஊசி. சின்னத் துளை. விந்தணு வரும் இரண்டு குழாய்களையும் துண்டித்துக் கட்டுவார்கள். தையல் கிடையாது. 10–15 நிமிடம். அன்றைக்கே வீடு. ரெண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது. அப்புறம் மூட்டையும் தூக்கலாம், ஜிம்முக்கும் போகலாம். ஆண்மைக்கான டெஸ்டோஸ்டிரோன் ரத்தம் வழியாகப் போவது, அந்தக் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விந்து திரவத்தின் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருவதால் அதிலும் வித்தியாசம் தெரியாது. வீக்கம், கிருமித்தொற்று சிலருக்கு வரலாம். வெகு சிலருக்கு வலி நீடிக்கலாம். மறைக்க மாட்டேன்.

இப்போ முக்கியமான இடம். தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீங்க. ஆபரேஷன் முடிந்த அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. குழாயில் மிச்சமிருக்கும் அணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை கட்டாயம். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை, அதில் அணு இல்லை என்று வந்த பிறகுதான் நிம்மதி. அதற்குப் பிறகும் சுமார் 2,000 பேரில் ஒருவருக்குக் குழாய் மறுபடி சேர்ந்துவிடலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பரிசோதனைக்கு வராமல் விட்டுவிடுகிறார்கள். நாலாவது மாசம் மனைவி கர்ப்பமானால், சந்தேகம் டாக்டர் மேல் வராது, பரிசோதனைக்குப் போகாத புருஷன் மேலும் வராது. அவள் மேல் வரும். பல மனைவிகள் "அவருக்கு வேணாம், எனக்கே பண்ணுங்க" என்று சொல்வதற்கு யாரும் வெளியே சொல்லாத காரணம் இதுதான். அந்தப் பரிசோதனை ரிப்போர்ட் உங்களுக்கு வெறும் காகிதம், அவளுக்கு அப்படியில்லை.

இளம் தம்பதிகளுக்கு ஒரு வார்த்தை. ஆணோ பெண்ணோ, இதை நிரந்தரம் என்று நினைத்துத்தான் பண்ணணும். 2004 சுனாமியில் பிள்ளைகளை இழந்த அம்மாக்களுக்குக் கருக்குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷனுக்குத் தமிழ்நாடு அரசே உதவி செய்தது. எல்லோருக்கும் அது கைகூடுவதில்லை. சந்தேகம் இருந்தால் காப்பர் டி, ஊசி, மாத்திரை, ஆணுறை என்று தள்ளிப்போட வழி இருக்கிறது. அவசரமே இல்லை.

அரசு வழிகாட்டுதலின்படி, பண்ணிக்கொள்பவரின் கையெழுத்து போதும். கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று எங்காவது சொன்னால், அந்த விதியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை வாசக்டமி இருவார விழா. போஸ்டர் ஒட்டுவாங்க, மைக் கட்டுவாங்க, நர்சம்மா வீடு வீடா வந்து சொல்வாங்க. அவங்க வரும்போது "வீட்டுல அவளைக் கூப்பிடுறேன்"னு உள்ளே போயிடாதீங்க, நீங்க நில்லுங்க. மற்ற நாட்களில் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேட்டாலே போதும், இலவசம்தான்.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க. வெட்கமா இருந்தா இன்பாக்ஸ். ராத்திரி டியூட்டி முடிஞ்சு பதில் போடுறேன்.